கத்திரி வெயிலில் மைதானப் புல்: தினமும் தண்ணீர் விட்டும் ஏன் காய்கிறது?

ஏப்ரல் 21, 2024 (வந்த கேள்வி)

“வணக்கம் அண்ணா. திருப்பூர் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். ஃபுட்பால் மைதானம் முழுக்க அருகம்புல். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். விட்டும் திட்டுத் திட்டாக வெளுக்கிறது. இந்த வெயில் எதைத்தான் விட்டு வைக்கும்? புல்லை இன்னும் ஒட்ட வெட்டிவிட்டால் தண்ணீர்ச் செலவு குறையுமா? யூரியா போட்டால் பச்சை திரும்புமா? மத்தியானம் தண்ணீர் விட்டால் துளி லென்ஸ் மாதிரி வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்கிறார்களே, நிஜமா?”

ஏப்ரல் 21, இரவு

ஒட்ட வெட்டாதீர்கள். யூரியா மூட்டையைத் தொடவே தொடாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், மோட்டார் போடப் போக வேண்டும்.

ஏப்ரல் 22

ஈரோட்டுக்கு வெளியே ஒரு ஊர் மைதானத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது. சாயங்காலம் பையன்கள் ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், கெடுத்துத் தெரிந்துகொண்டது நிறைய.

மாஸ்டர், அருகம்புல்லை வெயில் கொல்லாது. கரும்பும் சோளமும் எப்படி வெயிலைச் சாப்பிட்டு வளர்கின்றனவோ அதே ஜாதிதான் இதுவும். 27 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம். நாற்பதைத் தாண்டினாலும் வேரில் ஈரம் இருந்தால் தாக்குப் பிடிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் பெர்முடா என்று பேர் வைத்து, ஆப்பிரிக்க வகை ஒன்றோடு ஒட்டுச் சேர்த்து, டிஃப்வே என்று விற்பதிலும் பாதி நம் அருகுதான். யூட்யூபில் இங்கிலாந்துக்காரர் சொல்லும் கோடை வைத்தியத்தை இங்கே கொண்டுவராதீர்கள். விம்பிள்டனில் இருப்பது ரை புல், அதற்கு 15 முதல் 24 டிகிரி வரைதான் சுகம். அது வேறு ஜீவன்.

அப்படியானால் காய்வது ஏன்? நான் செய்ததையே நீங்களும் செய்து பாருங்கள். காய்ந்த திட்டின் ஓரத்தில், இன்னும் பச்சை இருக்கும் இடத்தில், மண்வெட்டியால் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு மெல்ல ஆட்டி மண்ணைக் கரையுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்த புல்லென்றால் வேர் மூன்று விரற்கடைக்கு மேல் இருக்காது. முதல் வருடம் என் மைதானத்தில் வெட்டிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. கொத்துமல்லிக் கட்டின் வேர் மாதிரி ஒரு குச்சம். மேல் மண்ணிலேயே தினமும் ஈரம் கிடைக்கும்போது அது ஏன் கீழே போகப் போகிறது? மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மூன்று விரற்கடை மண் அடுப்புக் கல். அந்த இடத்தில்தான் உங்கள் புல் சாகிறது.

தினமும் விடுவதை நிறுத்துங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, ஆழமாக. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று பையில் இருக்கட்டும். தண்ணீர் விட்ட மறுநாள் காலை மண்ணில் குத்துங்கள், ஆறு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் போதுமான தண்ணீர் போயிருக்கிறது.

அடுத்த தண்ணீர் எப்போது என்று புல்லே சொல்லும். நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் தாகமில்லை. கால் தடம் அப்படியே படுத்துக் கிடந்தால், பச்சை கொஞ்சம் நீலச் சாம்பல் பக்கம் போயிருந்தால், அன்று ராத்திரி மோட்டார் போட வேண்டும்.

ஏப்ரல் 23

லென்ஸ் கதை. நானும் பத்து வருடம் நம்பினேன், நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வழவழப்பான இலையில் உட்கார்ந்த துளி இலையைச் சுடவில்லை. துளி இலையோடு ஒட்டிக் கிடப்பதால் வெளிச்சம் குவியும் இடம் இலைக்குக் கீழே போய்விடுகிறது. மெழுகு ரோமம் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில்தான் கருகல் வந்தது. நம் புல்லுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

ஆனாலும் மத்தியானம் தண்ணீர் விடுவது தண்டம். ஒரு பங்கு காற்றோடு போகும். சாயங்காலமும் வேண்டாம், ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்கு விருந்து. விடிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை சரி. காற்று இருக்காது, சூரியன் வந்ததும் இலை உலர்ந்துவிடும். தூக்கம் போகும், அதற்கு நான் பொறுப்பல்ல.

ஏப்ரல் 24

சென்னையிலிருந்து ஒருவர் திட்டி எழுதியிருக்கிறார். அவர் பார்ப்பது மணல் போட்டு அமைத்த மைதானமாம். “நாலைந்து நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் என் மைதானம் மூன்றாம் நாளே வைக்கோல்போர் ஆகிவிடும்” என்கிறார். அவர் சொல்வது சரி. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்ச வெயிலில் தினமும்கூட விட வேண்டி வரும். நான் எழுதியது செம்மண்ணும் களியும் கலந்த ஊர் மைதானத்துக்கு. முதலிலேயே மண்ணைக் கேட்டிருக்க வேண்டும். மாஸ்டர், உங்கள் மண் என்ன?

ஏப்ரல் 25

மாஸ்டர் பதில்: செம்மண், ஒரு அடிக்குக் கீழே சரளை. அப்படியென்றால் நான் சொன்னதே.

ஒட்ட வெட்டுவது பற்றி. இலைதான் புல்லின் அடுப்பு. இலையை மழித்தால் வேருக்குச் சோறு போகாது, வேர் சுருங்கும். மேலே நிழலும் போய் மண் நேராக வெயிலில் காயும். தண்ணீர்ச் செலவு குறையாது, புல்தான் குறையும். மற்ற மாதங்களில் 20, 25 மி.மீ. வைத்து வெட்டுகிறேன். மார்ச் கடைசியில் மெஷினை 35க்கு ஏற்றிவிடுவேன். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. பந்து மெதுவாக ஓடுகிறது என்று பையன்கள் புலம்புவார்கள். புலம்பட்டும்.

பிளேடும் முக்கியம். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். வெட்டிய மறுநாள் தூரத்திலிருந்து பார்த்தால் மைதானமே லேசாக வெளுத்திருக்கும். கிட்டே போய் ஒரு இலையை எடுத்துப் பாருங்கள், நுனி பல் துலக்கிய வேப்பங்குச்சி மாதிரி நார் நாராக இருக்கும். அது வெயில் வேலை இல்லை, சாணை பிடிக்காத சோம்பேறித்தனம். வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அங்கேயே விடுங்கள், உரம்.

ஏப்ரல் 27

இன்று டம்ளர் சோதனை செய்தேன். எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டியது. ரெயின் கன் (சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீச்சும் பெரிய தெளிப்பான்) சுற்றும் இடத்தில் எவர்சில்வர் டம்ளர்களை எட்டு அடிக்கு ஒன்றாக நடுவிலிருந்து ஓரம் வரை வரிசையாக வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் ஸ்கேல் விட்டு அளந்தேன். கன்னுக்குப் பக்கத்தில் 19 மி.மீ., கடைசி டம்ளரில் 4. சராசரி 12.

ஐந்து வருடமாக எனக்கு விளங்காத பிறை வடிவக் காய்ச்சல் எல்லாம் இன்று விளங்கியது. வட்டத்தின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இடங்கள்தான் அவை. வெயிலும் இல்லை, நோயும் இல்லை. கன்னை ஆறு அடி நகர்த்தி வைக்க வேண்டியதுதான்.

வீட்டில் ஒன்பது டம்ளரைக் காணோம் என்று விசாரணை நடக்கிறது. இந்தப் பக்கத்தை யாரும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 29

யூரியா ஏன் வேண்டாம் என்று இருவர் கேட்டார்கள். 2015 மே மாதம். புல் வெளுத்திருந்தது. ஒரு போட்டி வரப்போகிறது, பச்சையாகக் காட்ட வேண்டும் என்று ஆசை. நாலு மணிக்குக் கையால் வீசினேன், ராத்திரி தண்ணீர் விட்டுவிடலாம் என்ற தைரியத்தில். ராத்திரி மும்முனை மின்சாரம் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. பனி ஈரத்தில் குருணை இலைமேலேயே கரைந்து, பதினொரு மணி வெயிலில் வேலையைக் காட்டிவிட்டது. நான் எங்கெங்கே நின்று வீசினேனோ அங்கிருந்து விசிறி விசிறியாக மஞ்சள். கை அதிகம் விழுந்த இடம் காவி நிறம். பெவிலியன் மாடியிலிருந்து பார்த்தால் நான் நடந்த பாதை முழுக்கத் தெரிந்தது. போட்டிக்கு வந்தவர்கள் கோலம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. தாகத்தில் இருக்கும் புல்லை இலை விடு, இலை விடு என்று விரட்டினால் வேர் என்ன ஆகும்? இப்போது நான் செய்வது, பிப்ரவரியிலேயே உரத்தைப் போட்டுவிடுவது. கொஞ்சம் பொட்டாஷ் சேர்த்து. கோடை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. அதுதான் கஷ்டம்.

மே 2

தப்பு. டம்ளர் கணக்கு தப்பு.

கோவையிலிருந்து ஒருவர் கேட்டார், “உங்கள் மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறது?” எனக்குத் தெரியவில்லை. இன்று 200 லிட்டர் பேரலை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். 80 விநாடியில் நிறைந்தது. மணிக்கு 9,000 லிட்டர். கன் சுற்றும் வட்டத்தின் ஆரம் 20 மீட்டர், பரப்பு சுமார் 1,250 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மி.மீ. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 7 மி.மீ.தான் விழ முடியும். என் டம்ளர் 12 காட்டியது எப்படி? மீதி 5 மி.மீ. வானத்திலிருந்தா வந்தது?

டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நம் வீட்டு டம்ளர் வாய் அகலம், அடி ஒடுக்கம். வாய் ஏழரை சென்டிமீட்டர், அடி ஐந்தரை. அகலமான வாயில் விழுந்ததெல்லாம் ஒடுங்கிய அடியில் சேர்ந்தால் உயரம் கூடித்தான் காட்டும். நேரான பக்கம் உள்ள டப்பா வேண்டும். இத்தனை வருடமும் ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம் போகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். போனது அதில் பாதியை ஒட்டித்தான்.

எந்த இடத்தில் அதிகம், எந்த இடத்தில் குறைவு என்ற விஷயம் மாறவில்லை. பிறை வடிவம் அப்படியே உண்மைதான். அளவுதான் பொய்.

மே 2, பிறகு

சரி, இனி நிஜக் கணக்கு. மைதானம் 100க்கு 64 மீட்டர், அதாவது 6,400 சதுர மீட்டர். இந்த வெயிலில் புல் ஒரு நாளைக்கு நாலைந்து மி.மீ. குடிக்கும். அதாவது தினமும் 25 ஆயிரத்திலிருந்து 32 ஆயிரம் லிட்டர். ஐந்து நாளுக்கு ஒருமுறை 25 மி.மீ. கொடுப்பதென்றால் 1,60,000 லிட்டர். என் மோட்டாருக்குப் பதினெட்டு மணி நேரம். ஒரே ராத்திரியில் முடியாது. மைதானத்தை மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு ராத்திரிக்கு ஒரு பாகம், ஆறு மணி நேரம். நள்ளிரவு பன்னிரண்டுக்கே ஆரம்பிக்க வேண்டும், முன்பு மூன்று மணி என்று எழுதியதை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

மாஸ்டர், உங்கள் அரை மணி நேர ஓஸ் எத்தனை மி.மீ. என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் மொத்தமே 900 லிட்டர். உங்கள் மைதானமும் இதே அளவென்றால் மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு. தூசி அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

மே 3

ஒரு தமிழாசிரியர் கண்டித்திருக்கிறார்: அது அருகு இல்லை, அறுகு. வல்லின ற. “ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி” என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவது இந்தப் புல்லைத்தான். ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையாருக்கு வைப்பதும் இதுவே, மஞ்சள் காட்டில் என் அப்பா நாளெல்லாம் கொத்திக் கொத்தி வயிறெரிந்ததும் இதையே. அவர் ஒழிக்க முடியாததை நான் வளர்க்க முடியாமல் திண்டாடுகிறேன்.

மே 5

நேற்றுக் கத்திரி பிறந்தது. இனி 28 வரை.

ஒரு கேள்வி கொஞ்சம் கோபமாகவே வந்தது: “ஊரில் குடம் வரிசையில் நிற்கும்போது புல்லுக்கு ஒன்றரை லட்சம் லிட்டரா?”

நியாயமான கோபம். 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தில் வறட்சி. மைதானங்களுக்குத் தண்ணீரைச் செலவழிக்கக் கூடாதென்று வழக்குப் போய், ஏப்ரல் 30க்குப் பிறகான ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். அதே வருடம் இங்கே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் பாதியாக இறங்கிவிட்டது. மார்ச்சில் நானே ரெயின் கன்னைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தேன். கிடைத்த தண்ணீர் தெருக் குழாய்க்குப் போனது.

புல் என்ன ஆனது? மே மாதம் எலும்பு நிறம். மிதித்தால் அப்பளம் உடைகிற சத்தம். செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆகஸ்டில் நல்ல மழை நாலு பெய்ததும் ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு முளை. மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாவதில்லை, படுத்துத் தூங்குகிறது. ஆனால் இரண்டு இடம் மட்டும் திரும்பவில்லை, இரண்டு கோல் வாய்கள். காய்ந்து கிடந்தபோது அங்கே மட்டும் பையன்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். நானும் போகட்டும் என்று விட்டேன்.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். முதல் நாள் ஆழமாகத் தண்ணீர் விடு என்று மட்டும் சொன்னேன். தண்ணீர் இல்லையென்றால் விடவே வேண்டாம், தூங்க விடுங்கள். ஆனால் தூங்கும் புல்லை மிதிக்க விடாதீர்கள். பாதி நனைத்து, பாதி காயவிட்டு, மேலே டோர்னமென்ட்டும் நடத்துவதுதான் மூன்றிலும் மோசம். கோல் போஸ்ட்டைக் குறுக்குவாட்டில் திருப்பிப் போட்டுப் பயிற்சி நடத்தினால்கூடப் பாதி உயிர் பிழைக்கும்.

மே 9

தேர்தல் கூட்டம் ஒன்று போன மாதம் எங்கள் மைதானத்தில் நடந்தது. யார் என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். பந்தல் லாரி உள்ளே வந்தது, ஜெனரேட்டர் வந்தது, மேடைக்குக் கீழே ஜல்லி. இப்போது அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்க மறுக்கிறது. தண்ணீர் விட்டால் வழிந்து பவுண்டரிக் கோட்டுக்கு ஓடுகிறது. எத்தனை லட்சம் லிட்டர் விட்டாலும் வேருக்குப் போனால்தானே.

இறுகிய மண்ணில் துளை போடும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், கட்டுப்படியாகாது. எங்கள் வழி கடப்பாரை. ஈரம் கொஞ்சம் இருக்கும்போது அரை அடிக்கு ஒரு குத்து, ஐந்து அங்குல ஆழம், லேசாக ஆட்டி எடுப்பது. ஐந்து பையன்கள், இரண்டு காலைகள், பரோட்டா என் செலவு. குழியில் மணல் தூவி விளக்குமாற்றால் தேய்க்க வேண்டும். எம்-சாண்ட் வாங்கும்போது ஜாக்கிரதை. கிரஷர் தூள் அதிகம் உள்ளதைப் போட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ஒரு கைப்பிடியைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வையுங்கள், மேலே விரல் கனத்துக்குச் சேறு படிந்தால் திருப்பி அனுப்புங்கள். மணலைப் போர்வை மாதிரி மேலே பரப்பாதீர்கள், களிமேல் மணல் அடுக்கு நின்றால் வேர் அந்த எல்லையிலேயே நின்றுவிடும்.

முழுக் கோடையில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், செய்யக் கூடாது. மழைக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை. கூட்டம் நடந்த இடத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் செய்கிறேன்.

மே 17

மழை. முந்தாநாள் 31 மி.மீ. (நேரான டப்பாவில்!). மோட்டார் ரூம் பூட்டு துருப்பிடிக்கட்டும்.

மே 28

கத்திரி கழிந்தது, கோரை எழுந்தது. மழைக்குக் காத்திருந்தது புல் மட்டும் இல்லை. பிடுங்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும், ஒன்று நின்ற இடத்தில் மூன்று வரும். கரும்புக்காரர்கள் அடிக்கும் கோரைக் கொல்லியை உரக்கடையில் கேட்டுப் பாருங்கள், புல்லுக்குச் சேதமில்லாத அளவை முதலில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு. திட்டு சின்னதாக இருந்தால் மண்வெட்டியால் முக்கால் அடி தோண்டிக் கிழங்கோடு எடுத்துவிடலாம். நான் அதைத்தான் செய்கிறேன், சாயங்காலம் வேறு வேலை இல்லாததால்.

மாஸ்டர் படம் அனுப்பியிருக்கிறார். தினசரி ஓஸை நிறுத்தி, ரெயின் கன் ஒன்று இரவல் வாங்கி, வெட்டும் உயரத்தை ஏற்றியிருக்கிறார். பச்சை திரும்பியிருக்கிறது. இதில் என் யோசனைக்கு எத்தனை பங்கு, மே மாத மழைக்கு எத்தனை பங்கு என்று எனக்கே தெரியாது. வேரை வெட்டிக் காட்டச் சொன்னேன். ஸ்கேல் வைத்து அனுப்பினார்: ஐந்து அங்குலம். அது மட்டும் மழை வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

வடக்குக் கோல் வாயில் மே 19 அன்று அறுகு நட்டேன். விதையெல்லாம் இல்லை, பவுண்டரிக்கு வெளியே சும்மா கிடந்ததைக் கொத்தி எடுத்து, இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி நறுக்கி, சாணிப் பாலில் முக்கி, ஒரு சாண் இடைவெளியில். கயிறு கட்டி வைத்திருக்கிறேன், பந்து வாங்க உள்ளே காலை வைத்த இரண்டு பேருக்கு மைதானத்தை இரண்டு சுற்று ஓடும் தண்டனை கொடுத்தாயிற்று.

இன்று காலை குனிந்து பார்த்தேன். ஓடுகொடி ஒன்று கோல் கோட்டுச் சுண்ணாம்பைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே போயிருக்கிறது. நுனிக் கணுவில் வெள்ளையாக ஒரு வேர், இன்னும் மண்ணைத் தொடவில்லை.